படத்துக்குப் பின்னால் பேர் எழுதுங்க

எங்க ஊர்ப் பக்கம் பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சுட்டு கான்கிரீட் வீடு கட்டுறது இப்போ அடிக்கடி நடக்கிற காரியம். தேக்கு உத்திரத்துக்கும் கதவுக்கும் விலை பேச ஆள் தேடி வந்துருவாங்க. பத்தாயத்துக்கு விலை உண்டு. வெண்கல உருளிக்கு உண்டு. உரலுக்கும் அம்மிக்கும்கூட இப்போ பட்டணத்து ஓட்டல்காரங்க விலை கொடுக்காங்க. தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், வரிசையாகத் தொங்கின போட்டோக்களுக்கு மட்டும் விலை கிடையாது. பிரேமைக் கழற்றிக்கொண்டு படத்தைத் தென்னை மூட்டில் போட்டுத் தீ வைத்ததை நானே மூன்று வீட்டில் பார்த்திருக்கிறேன். கேட்டால் ஒரே பதில்தான்: “அதுல இருக்கது ஆருண்ணே தெரியல்லியே, வச்சு என்ன செய்ய?”

அந்தப் பதிலில் நியாயம் இருக்கு பாத்துக்கிடுங்க. பேர் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதனால்தான் இந்தப் பதிவு. வயல், தண்ணி, விதை என்று எழுதுகிறவனுக்குப் போட்டோவில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இன்றைக்கு நான் உழுகிற வயல் எங்களுக்கு எப்படி வந்தது என்ற கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாகப்பத்திரத்தில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி இரண்டு போட்டோக்களில் இருந்தது.

1098 மீனம்

முதல் படம், கெட்டி அட்டையில் ஒட்டியது. பெரிய வீட்டின் முற்றத்தில் எடுத்தது. பின்னால் பென்சிலில் ‘1098 மீனம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. பட்டணத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிராக இருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவாங்கூர் பக்கம்தான் இருந்தது. அதுவரை இங்கே பத்திரம், ரசீது, ஜாதகம், கல்யாண ஓலை எல்லாம் கொல்லம் ஆண்டில்தான். மாதங்களும் ராசிப் பேரில் வரும்: மேடம், இடவம், மிதுனம் என்று. நாங்கள் இன்றும் நெல்லுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று சொல்வது அந்தக் கணக்குதான். கன்னி என்றால் புரட்டாசி, கும்பம் என்றால் மாசி. அந்தந்த மாதத்தை ஒட்டி அறுவடைக்கு வருகிற பூ.

கணக்கு எளிது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரை உள்ள தேதி என்றால் 824 கூட்டணும். அதற்குப் பிறகு, அடுத்த ஆவணி வரும் வரை 825. சரிபார்க்க ஒரு தேதி சொல்கிறேன். திருவாங்கூரில் எல்லாச் சாதியாருக்கும் கோயிலைத் திறந்துவிட்ட அறிவிப்பு கொல்லம் 1112 துலாம் 27. 1112-உம் 824-உம் 1936. ஆமாம், 1936 நவம்பர் 12. கிழவர்கள் ‘தொண்ணூத்தொம்பதாம் வெள்ளம்’ என்று சொல்வதும் இந்த வழியில் வந்ததுதான். கொல்லம் 1099 கர்க்கடகத்தில், அதாவது 1924 ஜூலை-ஆகஸ்டில், திருவாங்கூரைப் புரட்டிப்போட்ட வெள்ளம் அது. உங்கள் வீட்டுப் படத்தின் பின்னால் 1100-ஐ ஒட்டிய எண் இருந்தால் பயப்படாதீங்க, ராஜராஜ சோழன் காலத்துப் படம் இல்லை.

ஆக எங்கள் படம் 1923 மார்ச்-ஏப்ரல். கும்பப்பூ அறுத்து, நெல் அறப்புரைக்குள் ஏறி, கையில் காசு இருந்த நேரம். போட்டோக்காரரை வீட்டுக்கு வரவழைக்க அப்போதுதான் முடியும்.

படத்தில் பதினோரு பேர். நடுவில் கைவைத்த நாற்காலியில் காரணவர். எனக்குப் பூட்டன். அவர் நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, தலைப்பாகையோடு ஒரு இளைஞர் நிற்கிறார். இது மகன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மகன் இல்லை. பூட்டனின் தங்கை மகன். பூட்டன் பெற்ற மகன், என்னுடைய பாட்டா, பதினைந்து வயசுப் பையன், இடது ஓரத்தில் தூணை ஒட்டி நிற்கிறார். முகத்தில் பாதி நிழல். பூட்டி படத்திலேயே இல்லை.

ஏன் அப்படி என்று தெரிய மருமக்கள் வழி தெரிய வேண்டும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் அன்றைக்குச் சொத்து போன வழி அது. ஒருவர் இறந்தால் அவர் சொத்து அவர் பிள்ளைகளுக்கு இல்லை, உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்கு. குடும்பத்து மூத்த ஆண் காரணவர், கணக்கும் சாவியும் அவரிடம். மனைவியும் பிள்ளைகளும் அவரோடு அதே வீட்டில்தான் இருப்பார்கள், உழைப்பார்கள், அவர் கண் மூடின மறுநாள் அந்த வீட்டில் அவர்களுக்கு இடம் இருக்குமா என்பது மருமகனின் மனசைப் பொறுத்தது. அப்பன் பிரியப்பட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிற பங்குக்கு ‘உகந்துடைமை’ என்று பேர். பேரைப் பாருங்க, உரிமை என்றுகூட இல்லை, உகந்து கொடுத்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியது இந்தக் கொடுமையைத்தான். ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதாக எழுதினார். படித்துச் சிரித்தவர்கள் எல்லாரும் தன் வீட்டு அடுக்களையை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

1926-ல், கொல்லம் 1101-ல், திருவாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. மருமக்கள் வழி போய், மக்கள் வழி வந்தது. பூட்டன் அதற்கு இரண்டு வருஷம் கழித்து இறந்தார். பெரிய வீட்டில் வழக்கும் வம்பும் நடந்து, கடைசியில் பாட்டாவுக்கு மூணு கோட்டை விதைப்பாடு வயல் கிடைத்தது. விதைப்பாடு என்றால் இத்தனை கோட்டை நெல் விதைக்கும் அளவு நிலம். அந்த வயலில்தான் இன்றும் நான் நாற்று நடுகிறேன்.

1113 இடவம்

இரண்டாவது படம் அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து, 1938 மே-ஜூனில் எடுத்தது. இது ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் தீட்டின திரைச்சீலையில் அரண்மனைப் படிக்கட்டு, பக்கத்தில் உயரமான முக்காலியில் பூச்சட்டி. நாகர்கோவிலிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் அன்றைய ஸ்டூடியோக்களில் இந்த அரண்மனை இல்லாமல் படம் கிடையாது. வயல்காரன், வாத்தியார், பிள்ளைமார், கிறிஸ்தவர் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படிக்கட்டு.

இதில் பாட்டா நாற்காலியில் இருக்கிறார். பக்கத்து நாற்காலியில், அதே உயரத்தில், பாட்டி. முன்னால் மூன்று பிள்ளைகள், மூத்தவர் பெரியப்பா. மருமகன், மாமா, காரணவர் யாரும் இல்லை. தூணோரம் நின்ற பையன் நடுவுக்கு வந்திருக்கிறார், வரும்போது பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

இரண்டு படத்தை வைத்துச் சமூக வரலாறு எழுதிவிட முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் 1926 என்ற வருஷத்தையும், கூடவே பாகப்பத்திரத்தையும் வைத்துப் பாருங்க. சட்டப் புத்தகத்தில் இருக்கும் ‘வாரிசு’ என்ற வார்த்தை ஒரு வீட்டில் என்ன செய்தது என்று கண்ணால் பார்க்கலாம். யார் உட்காருகிறார், யார் நிற்கிறார், யார் கை யார் தோளில், யார் அடுக்களையில் நின்றுவிட்டார். பழைய குடும்பப் படத்தில் யாரும் சும்மா போய் நின்றதில்லை. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதற்கு முன்னால், யார் எங்கே என்று வீட்டுப் பெரியவர் நிறுத்திவைத்த வரிசை அது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரிந்தது? படம் சொல்லவில்லை. படத்தில் பதினோரு முகம் இருந்தது, ஒரு பேர்கூட இல்லை. சொன்னது பெரியம்மை, பெரியப்பாவின் மனைவி. அந்த நாற்காலி முதுகில் கை வைத்து நின்றாரே, அந்த மருமகனின் மகள் அவள். இரண்டு வீட்டுக்கும் இருந்த பகையைத் தீர்க்கத்தான் அவளை 1953-ல் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தார்கள். இரண்டு பக்கத்துக் கதையும் தெரிந்த கடைசி ஆள். தொண்ணூறு வயது. கண் மங்கல், ஆனால் நினைவு களத்தில் காயப்போட்ட நெல் மாதிரி கலகலவென்று இருந்தது.

படத்தைப் போனில் எடுத்து, பேரனுடைய டிவியில் பெரிசாகப் போட்டுக் காட்டினேன். “இது ஆரு?” என்று கேட்டால் அவளுக்கு எரிச்சல் வரும். “இந்தத் தூணு எங்க இருந்தது பெரியம்மை?” என்று கேட்டால் வாய் திறப்பாள். தூணிலிருந்து அங்கணம், அங்கணத்திலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து அங்கே தண்ணி கோரின ஆள் என்று போவாள். ஒரு கிழவியை முகத்தை வைத்து அடையாளம் சொல்லவில்லை, காதில் தொங்கின பாம்படத்தை வைத்துச் சொன்னாள். “இந்தப் பாம்படத்த அழிச்சுத்தான் மக்ளே எனக்கு வளையல் செஞ்சாவ.” பூட்டி ஏன் படத்தில் இல்லை என்று கேட்டதற்கு ஒரே வரி: “அவ அடுக்களையில நிண்ணுக்கிட்டு இருந்தாளாம், கூப்பிட ஆளில்ல.”

நாலு மாதத்தில் பத்துப் பேருக்குப் பேர் கிடைத்தது. ஆறு மணி நேரப் பேச்சைப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். போன ஐப்பசி அடைமழையில் பெரியம்மை போய்விட்டாள். ஒரு வருஷம் பிந்தியிருந்தால் அந்தப் படமும் தென்னை மூட்டுக்குத்தான் போயிருக்கும், அல்லது பேரில்லாத அலங்காரமாக ஏதாவது காபிக்கடைச் சுவரில் தொங்கும்.

பேர் யாருக்கு எழுதினார்கள்

முகத்தைப் படம் எடுத்து, பேரை விட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. இந்தியாவை ஆண்ட வெள்ளைக்காரர்கள் 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்று எட்டு பாகங்களில் போட்டோப் புத்தகம் போட்டார்கள். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு பாகங்கள் கொண்டுவந்தார், அதிலும் படங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலான படங்களுக்குக் கீழே இருப்பது சாதி அல்லது தொழில். நின்ற ஆளுக்கு அம்மை வைத்த பேர் இல்லை. அவர்கள் மாதிரி எடுத்தார்கள், ஆளை எடுக்கவில்லை. நாகர்கோவில், நெய்யூர்ப் பக்கம் வேலை செய்த லண்டன் மிஷன்காரர்களின் ஆவணங்கள் இன்று லண்டன் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம் ஊர் வரலாற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு அது பெரிய அறப்புரை. ஆனால் படத்தில் இருக்கும் முகத்துக்குப் பேர் சொல்ல வேண்டியவர்கள் இங்கே இருக்கிறார்கள், படம் அங்கே இருக்கிறது.

எழுதி வைத்ததால் பிழைத்த குடும்ப ஆவணத்துக்கு எங்கள் நாஞ்சில் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் கட்டுக்கட்டாக ஓலைகள் இருந்தன. கவிமணி அவற்றைப் படித்து ஆராய்ந்தார். பிற்பாடு ஆய்வாளர் அ.கா.பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’ என்றே புத்தகம் எழுதினார். நாஞ்சில் நாட்டு வரி, நீர்ப் பங்கு, ஊர்க்கூட்டம், பஞ்சம் என்று நமக்கு இன்று தெரிந்ததில் நிறைய, ஒரு வீட்டில் சிதல் அரிக்காமல் காத்ததால் வந்தது. அந்த ஓலைகளில் அடிமை விற்பனையும் இருக்கிறது. மனுஷரை விற்ற ஓலை. திருவாங்கூரில் 1855-ல்தான் அடிமை முறை முழுசாக ஒழிந்தது. விற்கும்போது ஆள் பேரைத் தெளிவாக எழுதினார்கள், சொத்து இல்லையா. நூறு வருஷம் கழித்து, அதே வயலில் அதே மாதிரி ஆட்களைப் போட்டோ எடுத்தபோது பேர் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பெட்டியில் மூன்றாவதாக ஒரு படம் இருந்தது. 1960-களில் பெரியம்மையின் தம்பி பெட்டிக் கேமராவில் எடுத்த சின்னப் படம். களத்தில் சூடடிப்பு. நடுவில் பொலி, பக்கத்தில் பெரியப்பா குடையோடு. பின்னால் முறத்தைத் தூக்கிப் பிடித்து நெல் தூற்றுகிறார் ஒருவர். வீட்டில் எல்லாரும் இதைப் ‘பெரியப்பா படம்’ என்றுதான் சொல்வோம். தூற்றுகிற ஆள் யாரென்று பெரியம்மையிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை, பேரைச் சொன்னாள். இருபத்தைந்து வருஷம் எங்கள் வயலுக்கு ராத்திரி பகலாகத் தண்ணி பார்த்தவர். அனந்தனார் கால்வாயில் தண்ணி விடுகிற அன்று மடையில்தான் அவர் தூக்கம்.

அவர் பேரன் எங்கள் ஊரில் கொத்தனார். அந்த மூலையை மட்டும் பெரிசாக்கி ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர்கள் வீட்டில் பாட்டாவின் படம் ஒன்றுமே இல்லையாம். ஓட்டர் அட்டை வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே அவர் செத்துப்போனார். உயிரோடு இருந்தபோது போட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லை. பேரன் அவர் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். அவருடைய அம்மை உள்ளே இருந்து வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், “மாமா இப்பிடித்தான் மொறத்தப் பிடிப்பாரு.” பிறகு பேரன் கேட்டது ஒன்றே ஒன்று. “உங்க வீட்டுப் படத்துலயும் எங்க பாட்டாவுக்க பேர எழுதிருங்க.”

எழுதியிருக்கிறேன். அது இப்போது ‘பெரியப்பா படம்’ இல்லை. இரண்டு பேர் படம். அவர் பேரை இங்கே போடவில்லை, அது அவர்கள் வீட்டு முதல், அவர்கள் சொல்லிக்கொள்ள வேண்டியது.

துணியும் ஒரு சாட்சிதான்

பேருக்கு அடுத்தபடி படத்தில் பார்க்க வேண்டியது உடுப்பு. ஒரு கிறிஸ்தவ நண்பர் வீட்டில் அவருடைய பூட்டியின் படம் இருக்கிறது. முழுக்கைச் சட்டை, கழுத்து வரை மூடினது. சாதாரணப் படம் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அந்தப் பூட்டிக்கு இரண்டு தலைமுறை முன்னால் அவர்கள் குலத்துப் பெண்கள் தோளை மறைத்துத் துணி போட்டால் தெருவில் கிழித்தார்கள், அடித்தார்கள். 1822 தொடங்கி நாற்பது வருஷத்துக்குக் கிட்டத் தெற்குத் திருவாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டம் அது. 1859 ஜூலை 26-ல் அரசு அறிவிப்பு வந்தது. அதிலும் ‘மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது’ என்று ஒரு முள்ளை வைத்துத்தான் கொடுத்தார்கள். இதை எல்லாம் தெரிந்துகொண்டு அந்தப் படத்தைப் பாருங்க. கேமராவுக்கு முன்னால் அந்தச் சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதே ஒரு பதில்தான். நண்பர் இப்போது பேருக்குக் கீழே அந்தத் தேதியையும் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு வகைப் படமும் நம் வீடுகளில் உண்டு, பலர் அதைப் பார்த்துப் பயந்து மறைத்துவிடுகிறார்கள். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு எடுத்தது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய காலத்தில், பல கிழவிகளுக்கு வாழ்க்கையில் ஒரே படம் செத்த அன்று எடுத்ததுதான். அதையும் எரிக்காதீங்க. சுவரில் மாட்ட வேண்டாம், பெட்டியில் இருக்கட்டும்.

காப்பாற்றுகிற வழி

எங்கள் ஊரில் போட்டோவுக்கு எதிரி மூன்று: ஈரம், சிதல், பசை. ஆனி-ஆடிச் சாரலும் ஐப்பசி-கார்த்திகை அடைமழையும் என்று இரண்டு மழை எங்களுக்கு. சுவரோடு ஒட்டி மாட்டின படத்தில் பூசணம் பிடிக்கும், படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினதை உரிக்காதீங்க, முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே நிழலில் வைத்து, ஒளி பிரதிபலிக்காத கோணத்தில் நல்ல கேமராவில் எடுத்துவிடுங்க. பெட்டியைத் திறக்க நல்ல காலம் மாசி-பங்குனி, காற்று காய்ந்திருக்கும்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. 1923-ல் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படம் இன்னும் தெளிவாக இருக்கிறது, 1985-ல் எடுத்த கல்யாணக் கலர் படம் சிவந்து வெளிறிப்போனது. கறுப்பு-வெள்ளையில் உருவம் இருப்பது வெள்ளித் துகளில். கலர் படத்தில் இருப்பது சாயம், சாயம் வெளுக்கும். அதனால் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது தாத்தா படத்தை இல்லை, அப்பா-அம்மா கல்யாண ஆல்பத்தை. பசைத்தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடுகிற அந்தக் கால ஆல்பத்திலிருந்து படம் சுலபமாக வந்தால் எடுத்துவிடுங்க, வராவிட்டால் ஆல்பத்தோடு ஸ்கேன் செய்யுங்க. 600 டிபிஐ போதும். ஸ்கேன் செய்த முதல் கோப்பைத் தொடாதீங்க. அழகுபடுத்துவதென்றால் பிரதியில் செய்யுங்க. இப்போது செயலிகள் பழைய படத்துக்குக் கலர் போட்டுக் கொடுக்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சேலை என்ன நிறம் என்று அந்தச் செயலிக்குத் தெரியாது, அது ஊகித்துப் போடுகிறது. பெரியம்மை அந்தச் சேலை அரக்கு என்றாள், செயலி நீலம் போட்டது.

பிரதியை மூன்று இடத்தில் வையுங்க, அதில் ஒன்று வேறு ஊராக இருக்கட்டும். 2004 டிசம்பர் 26-ல் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரையில் கடல் ஏறியபோது வீடுகளோடு ஆல்பங்களும் போயின. அப்படிப் போன வீட்டுக்கு, வெளியூரில் ஒரு சொந்தக்காரர் வைத்திருக்கிற பிரதிதான் மிச்சம்.

ஸ்டூடியோக்காரர்களின் நெகட்டிவ் கதை இன்னும் மோசம். பழைய கண்ணாடித் தகட்டைக் கழுவிக் கண்ணாடியாக விற்றார்கள், பிலிமை வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். மிஞ்சினதைத் தேடி, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை 2010-களில் எண்ணிம வடிவில் சேகரித்தது. நல்ல காரியம். ஆனால் நிறுவனம் படத்தைத்தான் காப்பாற்ற முடியும். அது உங்க அத்தையா சித்தியா என்று நிறுவனத்துக்குத் தெரியாது.

அதனால் பொங்கலுக்கோ கொடைக்கோ ஊருக்கு வரும்போது இதைச் செய்யுங்க. படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துத் தலைகளை மட்டும் வட்டம் போட்டு எண் கொடுங்க. எண்ணுக்கு எதிரே பேர், உறவு, ஊர். படத்தின் பின்னால் எழுதுவதென்றால் மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் வேண்டாம், முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். ‘அப்பா’ என்று எழுதாதீங்க, யாருடைய அப்பா என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது, முழுப் பேர் எழுதுங்க. குடும்பத்தார் இல்லாதவர் படத்தில் இருந்தால் அவருக்கும் எண் கொடுங்க, அவர் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்க. வயசானவர் பேசும்போது திருத்தாதீங்க, போனைப் பதிவில் போட்டுவிட்டுச் சும்மா கேளுங்க.

எங்கள் 1098 படத்தில் எட்டு பேருக்கு ஊர்கூடச் சேர்த்து எழுதியாகிவிட்டது, இரண்டு பேருக்குப் பேர் மட்டும். ஏழாம் எண், முன் வரிசையில் தரையில் இருக்கிற ஐந்தாறு வயசுப் பெண்பிள்ளை, கையில் என்னமோ வைத்திருக்கிறாள், அசைந்ததால் அது கலங்கிப்போயிருக்கிறது. பெரியம்மைக்கும் அவளைத் தெரியவில்லை. பெரிய வீட்டிலிருந்து பூதப்பாண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு கிளை உண்டு, அவர்களில் ஒரு கிழவர் இன்னும் இருக்கிறாராம். கன்னிப்பூ நடவு முடிந்ததும் படத்தோடு போகணும். தாளில் ஏழாம் எண்ணுக்கு எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.